டான்சில் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டுமா?

மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஊத்துக்குளி அருகே ஒரு சிற்றூரிலிருந்து தினமும் திருப்பூருக்குச் சென்று, பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் சளியும் தொண்டை வலியும் வந்து தணிந்த பிறகு, கண்ணாடியில் பார்த்தபோது வலப்பக்க டான்சில் இடப்பக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, “பயப்பட ஒன்றும் இல்லை, ஆறு வாரம் கழித்து வாருங்கள்” என்றார். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வாய்ப் புற்றுநோயில் இறந்தவர் என்பதால் என் மனம் ஆறவில்லை. இரவுதோறும் செல்போன் வெளிச்சத்தில் தொண்டையைப் படம் எடுத்து, முந்தைய நாள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கழுத்தை அழுத்தினால் சிறு கட்டி போல ஏதோ தட்டுப்படுகிறது. எச்சில் விழுங்கும்போது அடைக்கிறது. எடையும் 2 கிலோ குறைந்திருக்கிறது. கணவர் சலித்துக்கொள்கிறார். மாமியார், தொண்டையில் சிக்கியதை விரல்விட்டு எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுப்பவரிடம் போகலாம் என்கிறார். ஆறு வாரம் கடந்தும் மருத்துவரிடம் திரும்பப் போகக் கால் எழவில்லை. எனக்குப் புற்றுநோயாக இருக்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உண்டு என்றோ இல்லை என்றோ எந்த மருத்துவரும் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவற்றில் புற்றுநோயை நேராகச் சுட்டும் அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. உங்கள் மருத்துவர் சொன்னது இரண்டு வாக்கியங்கள். முதலாவதை நம்ப முடியாமலும் இரண்டாவதை நிறைவேற்றாமலும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். தொற்றினால் வீங்கிய டான்சில் வலி போன மறுநாளே பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால்தான் ஆறு வாரம் என்றார். அந்த இரண்டாம் வருகையும் பரிசோதனையின் ஒரு பகுதியே. இந்த வாரமே போய் வாருங்கள்.

டான்சில் என்பது தொண்டையின் இருபுறமும் ஒரு குழிக்குள் பொதிந்திருக்கும் நிணநீர்த் திசு. குழியின் ஆழம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆழம் குறைந்த பக்கத்தின் சதை, உண்மையில் மற்றதன் அளவே இருந்தாலும், வெளியே துருத்திக்கொண்டு பெரிதாகத் தெரியும். அடிக்கடி தொற்று கண்டு தழும்பேறிய பக்கமும், வெள்ளைத் துணுக்குகள் போன்ற டான்சில் கற்கள் சேர்ந்த பக்கமும் மாறுபட்டுத் தோன்றும். ஆகவே சமமின்மை என்பது ஒருமுறை முறையாகப் பரிசோதித்துக்கொள்ளக் காரணமாகுமே தவிர, அதுவே நோயின் பெயராகிவிடாது.

பனியன் துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டையும் கறையும் தேடுவது உங்கள் தொழில். அந்தக் கண்ணைத்தான் இரவில் தொண்டைக்கும் திருப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். துணி விரித்தபடி கிடக்கும். தொண்டை அப்படிக் கிடக்காது. நாக்கை நீட்டினாலோ குமட்டினாலோ டான்சில்கள் நடுப்பக்கம் நகர்ந்து பெரிதாகத் தெரியும். தலையைச் சற்றே சாய்த்தாலும், கேமராவை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் ஒரு பக்கம் வளர்ந்தது போல் இருக்கும். நேற்றைய படமும் இன்றைய படமும் ஒரே கோணத்தில் எடுக்கப்படாதவரை, அவற்றை ஒப்பிடுவதால் அச்சம் வளருமே தவிர அளவு தெரியாது.

கழுத்தும் அப்படித்தான். தாடைக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது, நாவடி எலும்பின் நுனி இருக்கிறது, துடிக்கும் தமனி இருக்கிறது. அழுத்தித் தேடுகிறவர் கைக்கு ஏதாவது ஒன்று தட்டுப்படாமல் போகாது. தொண்டைத் தொற்று வந்தவருக்கு நெறி கட்டுவதும் (நிணநீர்க் கணு வீங்குவதும்) இயல்பு, அது கரையச் சில வாரங்கள் ஆவதும் இயல்பு. நாளெல்லாம் பிசைந்துகொண்டிருந்தால் அந்த இடம் வலிக்கும். பிறகு அந்த வலியே புதிய கவலையாகிவிடும்.

எச்சிலை விழுங்கும்போது அடைப்பது போலத் தோன்றி, சோறும் குழம்பும் தடையின்றி இறங்கினால், அது பெரும்பாலும் பதற்றத்தால் தொண்டைத் தசை இறுகுவதாலோ, வயிற்று அமிலம் மேலேறுவதாலோ வருவது. சோறே சிக்கினால் அது வேறு செய்தி. மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். எடைக் குறைவையும் அவரிடம் மறைக்க வேண்டாம், ஆனால் கவலையில் எத்தனை வேளை உணவைத் தள்ளிவிட்டீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உண்மையில் எவற்றைக் கண்டு விரைய வேண்டும் என்று கேட்டால், ஒரு பக்கச் சதை வாரத்துக்கு வாரம் பெரிதாவது, அதன் மேல் ஆறாத புண், கல் போன்ற இறுக்கம், கழுத்தில் மூன்று வாரத்துக்கு மேலும் கரையாமல் நிற்கும் நெறி, எச்சிலில் ரத்தம், இரவில் உடை நனையும் வியர்வை ஆகியவற்றைச் சொல்வேன். இவற்றோடு பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. காதில் எந்தக் கோளாறும் இல்லாமல் ஒரே பக்கக் காது வலித்துக்கொண்டிருந்தால், தொண்டையையும் பார்த்தாக வேண்டும். டான்சிலுக்கும் நடுக்காதுக்கும் செல்லும் நரம்பு ஒன்றே. கழுத்தில் தட்டுப்படுவதைத் தவிர இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை; அது நெறிதானா என்பதை மருத்துவர்தான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு ஒரு பக்கம் திடீரென வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் போனால் அது பெரும்பாலும் சீழ்க்கட்டி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

மருத்துவர் இம்முறை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதோடு, கையுறை அணிந்த விரலால் டான்சிலைத் தொட்டு அதன் இறுக்கத்தையும் அறிவார். கழுத்தைத் தடவிப் பார்ப்பார். தேவையென்றால் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்துவார். ஐயம் எஞ்சினால் ஸ்கேன், நெறியில் ஊசிப் பரிசோதனை, கடைசியாக டான்சிலையே எடுத்துத் திசு ஆய்வுக்கு அனுப்புவது என்று படிப்படியாகப் போவார். “எடுத்துவிட்டால் நிம்மதி” என்று நீங்களாகக் கேட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். அந்த அறுவை மயக்க மருந்து கொடுத்துச் செய்வது; வலி ஆறப் பத்துப் பதினைந்து நாள் ஆகும்; அன்றைக்கோ ஐந்து முதல் பத்து நாளுக்குள்ளோ ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. ஐயம் இருந்தால் அதைத் தயங்காமல் செய்துகொள்ளலாம், ஆனால் அச்சத்துக்கு மருந்தாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டான்சிலின் அளவை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். இரு பக்கத்துக்கும் அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒப்பிட அதுதான் பயன்படும்.

உங்கள் அப்புச்சியைப் பற்றி ஒரு சொல். அவர் வெற்றிலையும் புகையிலையும் அடக்கும் வழக்கம் உள்ளவராக இருந்திருந்தால், வாய்ப் புற்றுக்கு அதுவே போதிய காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டிலேயே, புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது. அந்தப் பழக்கம் ரத்தத்தில் இறங்கி வருவதில்லை. உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

தொக்கம் எடுப்பவர் வேண்டாம். வீங்கிய தொண்டையில் விரல்விட்டுக் கிளறினால் புண்ணும் தொற்றும் வரலாம். உப்பு கலந்த வெந்நீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னால் மாமியார் பேச்சைத் தாராளமாகக் கேளுங்கள்.

இனி இரவுகளைப் பற்றி. செல்போனில் உள்ள தொண்டைப் படங்களை அழித்துவிடுங்கள். மருத்துவர் குறிக்கும் நாள் வரை கண்ணாடி பார்ப்பதும் கழுத்தை அழுத்துவதும் வேண்டாம். முடியாவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், ஒரு நிமிடம் போதும். முதல் நாலைந்து நாள் கை பரபரக்கும், பிறகு தணியும். மாலையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, மனத்தில் ஓடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மூடி வையுங்கள். கணவரிடம் இப்பக்கத்தைக் காட்டுங்கள். நீங்கள் கேட்கும்போதெல்லாம் அவர் “ஒன்றுமில்லை” என்பதும் ஒரு மணி நேரம்தான் தாங்கும். அதைவிட “வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறோம், நானும் வருகிறேன்” என்று சொல்வது உதவும். மருத்துவர் நலம் என்று சொன்ன பிறகும் தூக்கமும் உணவும் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. டான்சில் இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக உள்ளன. இதுவும் புற்றுநோயாகுமா?
- ஒரு தந்தை, பொள்ளாச்சி

பதில்: இந்த வயதில் டான்சில் இயல்பாகவே பெரிதாக இருக்கும், பருவ வயதுக்குள் தானாகச் சுருங்கும். இரு பக்கமும் சமமாகப் பெரிதாக இருப்பதைப் புற்றுநோயோடு சேர்த்து எண்ண வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது அவன் தூக்கத்தை. பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி எழுதல், வாயால் மூச்சு விடுதல், பகலில் சோர்வு ஆகியவை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தொண்டைத் தொற்று ஓராண்டில் 7 முறையோ, ஈராண்டுகளில் ஆண்டுக்கு 5 முறையோ, மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு 3 முறையோ வந்தால் அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். அவன் தூங்கும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுத்துச் செல்லுங்கள். செல்போன் கேமரா பயன்படும் இடம் அதுதான்.