வீட்டுக்குப் பின்னால் செல்போன் டவர் வரப்போகிறது என்று அமெரிக்காவில் நோட்டீஸ் வந்திருக்கிறது. கதிர்வீச்சைக் காரணம் காட்டித் தடுக்க முடியுமா?

முடியாது. அதைச் சொல்லப் போய் நாலு பேர் முன்னால் அசடு வழிந்தவன் நான். அதனால்தான் தூக்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

எந்த மாநிலம் என்று நீங்கள் சொல்லவில்லை. நியூ ஜெர்சி என்றே வைத்துக்கொள்கிறேன், நம்மவர்கள் பாதிப் பேர் இங்கேதானே. இங்கே 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு, ஹியரிங்குக்கு, அதாவது ஊர் போர்டு நடத்தும் விசாரணைக்கு, பத்து நாளாவது முன்னால் விண்ணப்பதாரர் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு வந்திருக்கிறது என்றால் நீங்களும் என்னைப் போல வேலியோரத்து ஆள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தீயணைப்பு நிலையம். அதன் பார்க்கிங் மூலையில் 120 அடிக் கம்பம் நட விண்ணப்பம் போட்டார்கள். குடியிருப்புப் பகுதி என்பதால் 'யூஸ் வேரியன்ஸ்' என்ற விதிவிலக்கு வேண்டும். எங்கே எதைக் கட்டலாம் என்று தீர்மானிக்கிற ஜோனிங் போர்டு ஏழு பேரில் ஐந்து பேர் சரி என்று சொல்ல வேண்டும். மூன்று பேரைப் பயமுறுத்தினால் போதும் என்று நான் கணக்குப் போட்டேன். வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் அச்செடுத்தேன், நாற்பது பக்கம், சிட்டுக்குருவி செத்த கதை உட்பட.

வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே போர்டு வக்கீல் கையைக் காட்டினார். 1996ஆம் ஆண்டு மத்திய தொலைத்தொடர்புச் சட்டப்படி, எஃப்சிசி (மத்திய தொலைத்தொடர்பு ஆணையம்) வைத்த வரம்புக்குள் இருக்கிற டவரைக் கதிர்வீச்சின் பெயரால் உள்ளூர் போர்டு மறுக்கவே முடியாதாம். "வேறு ஏதாவது இருக்கிறதா, சார்?" என்றார். இல்லை. மிச்ச முப்பத்தொன்பது பக்கத்தையும் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

(கதிர்வீச்சு கெடுதலா இல்லையா என்று கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வராதீர்கள். போர்டில் அது எடுபடாது என்று மட்டும்தான் சொல்கிறேன். டவர் கம்பெனியிடம் நான் பத்துப் பைசா வாங்கியதில்லை. வக்கீலும் இல்லை.)

எடுபட்டது எது தெரியுமா? மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி, ரிட்டயர்டு டீச்சர். கம்பம் எவ்வளவு உயரம் தெரியும் என்று காட்ட ஒரு சனிக்கிழமை காலை கம்பெனிக்காரர்கள் சிவப்பு பலூனைக் கயிற்றில் கட்டி 120 அடிக்கு விட்டார்கள். என் மனைவி தோசை வார்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, யார் வீட்டிலோ பிறந்தநாள் போல என்றாள். அந்தப் பாட்டி அப்போது தெருத் தெருவாக நடந்து ஏழு இடத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கம்பெனி நிபுணர் காட்டிய படங்களிலெல்லாம் முன்னால் ஓர் ஓக் மரம். பாட்டி எழுந்து, "இது ஜூன் மாதப் படம். ஜனவரியில் இந்த மரத்தில் இலை இருக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த ஹியரிங்கில் 100 அடிக்கு இறங்கினார்கள், வேலியிலிருந்து தள்ளியும் போனார்கள்.

எனவே உயரம், தூரம், பார்வைக்கு எப்படி இருக்கும், இருக்கிற டவரிலோ தண்ணீர்த் தொட்டியிலோ ஏன் மாட்டக்கூடாது என்று கேளுங்கள். போர்டு மறுத்தால் காரணத்தை உடனே எழுத்தில் தர வேண்டும். ஜார்ஜியாவில் ராஸ்வெல் என்ற ஊர் 26 நாள் கழித்துக் காரணம் கொடுத்து 2015இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

எங்கள் தமிழ்க் குழுவில் 140 பேர். ஹியரிங்குக்கு வந்தது என்னையும் சேர்த்து மூன்று பேர். பொங்கல் விழாவில் வடை வரிசைக்கு மட்டும் 140 பேரும் ஆஜர். அது போகட்டும், எங்கள் வீட்டுச் சங்கம் இருக்கிறதே, எச்ஓஏ! பால்கனியில் என் வேட்டியைக் காயப்போட்டதற்கு இரண்டு கடிதம் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு பால்கனி டிஷ்ஷை அவர்களால் தொட முடியாது. ஒரு மீட்டருக்கு மேல் போகாத டிஷ்ஷுக்கு மத்திய விதியே காவல். என் வேட்டிக்கு வாஷிங்டனில் யார் இருக்கிறார்கள்?

ஒன்று மறந்துவிட்டேன், இதுதான் முக்கியம். அனுமதி கொடுக்கும்போதே மரம் மாதிரியோ கொடிக்கம்பம் மாதிரியோ மறைத்துக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை எழுத வையுங்கள். நாங்கள் எழுத வைக்கவில்லை. 2012இல் வந்த சட்டப்படி, கட்டி முடித்த டவரைச் சுமார் 20 அடி உயர்த்தக் கேட்டால் ஊர் மறுக்க முடியாது. நிபந்தனைப்படி கட்டிய மறைப்பைக் கெடுக்கிற மாற்றமாக இருந்தால் கதை வேறு, ஊர் மறுக்கலாம். மூன்று வருஷம் கழித்து இன்னொரு கம்பெனி வந்தது. பாட்டி குறைத்த 20 அடியைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் மாயவரத்திலிருந்து அம்மா கூப்பிட்டால் மனைவி டிரைவ்வேயில் குளிரில் நின்று பேசுவாள். இப்போது அடுப்படியிலேயே நாலு கோடு காட்டுகிறது. நான் அதைப் பற்றி அவளிடம் வாய் திறப்பதில்லை.