வீட்டை விற்காதீர்கள், அவள் கிழங்கைப் படிக்கட்டும்

அம்மா, "கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று எழுதி முடித்துவிட்டால் இன்றிரவு நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஆனால் மகளை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்க ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறைக்கு மாறலாம் என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்துவிட்டதாகக் கடிதத்தில் சொல்கிறீர்கள். அதனால் ஆறுதல் இத்தோடு போதும்.

மகள் தொடக்கக் கல்லூரியில் (ஜேசி) இரண்டாம் ஆண்டு. உயிரியலில் கெட்டி. இங்கே சிங்கப்பூரில் மருத்துவத்துக்கு இடம் கிடைப்பது சந்தேகம் என்று ஆசிரியர்களே சொல்லிவிட்டார்கள். உடனே பெரியப்பா ஆஸ்திரேலியா என்கிறார். சென்னை அத்தை, தெரிந்த தனியார் கல்லூரி இருக்கிறது என்கிறார். அவளோ செடிகளைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்கிறாள். அதை "ஏதோ கிறுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிறுக்கைத்தான் நான் கையில் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் காசு. வெளிநாட்டில் மருத்துவம் என்றால் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் வெள்ளியை நெருங்கும். அதற்கு உங்கள் மத்திய சேம நிதியை (மசேநி) தொட முடியாது. அதன் கல்விக் கடன் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்ப் படிப்புகளுக்கு மட்டுமே. அத்தை சொல்லும் கல்லூரி மலிவாகத் தெரியலாம். ஆனால் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்றுக்கொள்ளும் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத கல்லூரியின் பட்டத்தோடு வந்தால் இங்கே மருத்துவராகப் பதிவு செய்வது மிகவும் கடினம். அத்தைக்குத் தெரிந்த ஆளுக்கு இது தெரியுமா என்று கேளுங்கள். பெரியப்பாவிடமும் ஒன்று கேளுங்கள்: கடனுக்கு அவர் உத்தரவாதக் கையெழுத்துப் போடுவாரா? நாலு பேர் யோசனை சொல்வார்கள். தவணை கட்டப்போவது நீங்கள்தான்.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லும் பெண்ணுக்காக இருக்கிற கூரையை விற்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பார்மசி, நர்சிங், கணினி எல்லாம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அலசி முடித்த விஷயங்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் புகாராக வந்த ஒரு விஷயம்: ராசிபுரத்துக்கு விடுமுறைக்குப் போனவள் வளைகாப்புக்கு வராமல், தாத்தாவின் மரவள்ளிக் காட்டில் இலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாளாம். ஒரே கட்டுக் குச்சியில் நட்ட செடிதானே, இது மட்டும் ஏன் மஞ்சள், பக்கத்தில் நிற்பது ஏன் பச்சை என்று தாத்தாவைத் துளைத்தெடுத்தாளாம். அம்மா, அது சரியான கேள்வி. நோய் கண்ட தாய்ச்செடியில் வெட்டிய குச்சிகளிலேயே சிலவற்றில் வைரஸ் இருக்கும், சிலவற்றில் இல்லாமலும் போகும். வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ எந்தச் செடியில் எப்போது உட்கார்ந்தது என்பதும் ஒரு காரணம்.

அவள் பார்த்தது பெரும்பாலும் தேமல் நோயாக இருக்கும். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும், ஒரு பக்கம் சுருங்கிக் கோணிப்போயிருக்கும். சேலம், நாமக்கல் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு கொடுக்கும் விவசாயிக்கு இது பழகிப்போன தலைவலி. மரவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை, குச்சி வெட்டி நடுகிறார்கள். வைரஸும் குச்சியோடே அடுத்த போகத்துக்குப் போய்விடுகிறது. வெள்ளை ஈ அதைப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டு போகும், லாரி பக்கத்து நாட்டுக்கே கொண்டு போய்விடும். இலங்கை மரவள்ளி தேமல் வைரஸ் என்று ஒன்று உண்டு. 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரியில் அதைக் கண்டுபிடித்தார்கள். 2017இல் வியட்நாமின் தை நின் மாநிலம், 2018இல் தாய்லாந்து. மரவள்ளி ஏற்றுமதியில் உலகிலேயே முன்னணியில் நிற்கும் நாடு தாய்லாந்து. இதெல்லாம் நம் வீட்டு வாசலில் நடக்கிறது.

இலையைப் பார்த்தே சொல்லிவிடலாமே, இதற்கு ஒரு படிப்பா என்று கேட்பீர்கள். முடியாது. துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் இலை வெளிறும், சிலந்திப்பேன் கடித்தாலும் புள்ளி விழும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மரவள்ளிக்குப் பழுப்புக் கோட்டு நோய் வருகிறது. இலையில் பெரிதாக எதுவும் தெரியாமலே இருந்துவிட்டு, கிழங்கைத் தோண்டி வெட்டினால் உள்ளே பழுப்பாக அழுகிக் கிடக்கும். அதனால் இலைத் துணுக்கை அரைத்து, மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்து, பிசிஆரில் பெருக்கிப் பார்க்கிறார்கள். கோவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்ததை ஓட்டிப் பார்த்தது இதே முறையில்தான். தேமல் வைரஸ் டிஎன்ஏ வகை, நேராகப் பெருக்கலாம். பழுப்புக் கோட்டு வைரஸ் ஆர்என்ஏ வகை, முதலில் டிஎன்ஏவாக மாற்றியாக வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் சோதனை போட்டால் "ஒன்றும் இல்லை" என்று தப்பான பதில் வரும்.

சர்க்கரைவள்ளியில் வேறு கூத்து. ஒரு வைரஸ் தனியாக வந்தால் செடி பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. இரண்டாவது வைரஸும் சேர்ந்துவிட்டால் விளைச்சல் அடியோடு விழுந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க இன்றைக்கும், சந்தேகமான கொடியை அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கொடியில் ஒட்டுக்கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து, புது இலையில் அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது யாம் என்ற ஆப்பிரிக்க வள்ளிக்கிழங்கு சமாச்சாரம். அதைத் தாக்கும் ஒரு வகை வைரஸின் துண்டுகள் எப்போதோ அந்தச் செடியின் சொந்த மரபணுவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டன. சாதாரண பிசிஆர் போட்டால் நோயில்லாத செடியும் "வைரஸ் உண்டு" என்று காட்டும். அதை நம்பி நல்ல ரகத்தைக் கொளுத்திவிடலாம். உயிரோடு இருக்கும் வைரஸின் டிஎன்ஏ வட்டமாக இருக்கும், அதனால் வட்டத்தை மட்டும் தேடிப் பெருக்கும் வேறு முறையைக் கையாள்கிறார்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

கிழங்குதானே என்று உறவினர்கள் முகம் சுளித்தால், 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இந்தத் தீவு எதைத் தின்று பிழைத்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

வேலை? ஒளிக்காமல் சொல்கிறேன். "கிழங்கு வைரஸ் நிபுணர் தேவை" என்று இங்கே விளம்பரம் வராது. ஆனால் தாவர நலத்தைக் கவனிக்கும் பொறுப்பு 2019 முதல் தேசியப் பூங்காக் கழகத்திடம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. நெல் ஆராய்ச்சி செய்யும் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக (என்யுஎஸ்) வளாகத்திலேயே இருக்கிறது. கிழங்குப் பயிர்களில் வேலை செய்யும் நிலையங்கள் திருவனந்தபுரத்திலும், நைஜீரியாவின் இபாடானிலும், ஃபீஜித் தலைநகர் சுவாவிலும் உள்ளன. பெட்டி தூக்கத் தயங்குபவளுக்கு இந்தத் துறையில் வாய்ப்புக் குறைவு. அதை இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள். கைத்தொழில் மட்டும் வீண்போகாது. பிசிஆர் தெரிந்தவளை மருத்துவமனைச் சோதனைக்கூடமும் எடுத்துக்கொள்ளும்.

படிப்பு என்றால் என்யுஎஸ் உயிர் அறிவியல், இல்லாவிட்டால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (என்டியு) உயிரியல். குடிமக்களுக்கு மானியம் போகக் கட்டணம் ஆண்டுக்கு 8,000 வெள்ளியைச் சற்றுத் தாண்டும். இதற்கு மசேநிக் கடன் உண்டு. ஆனால் அது கடன்தான், படித்து முடித்தபின் அவள் வட்டியோடு உங்கள் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். மூலக்கூறு உயிரியலோடு கணினிவழி மரபணு ஆய்வையும் கட்டாயம் எடுக்கட்டும். அது இல்லாமல் இன்றைக்கு வைரஸ் வேலை நடக்காது. முனைவர் பட்டம் என்று வந்தால் உதவித்தொகையோடு மட்டுமே. கைக்காசு போட்டு முனைவர் படிப்பு வேண்டாம், வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் முதுகலையும் வேண்டாம்.

ஏ லெவல் முடிந்து பல்கலைக்கழகம் திறக்க மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். அதில் டியூஷன் சொல்லிக் கொடுக்கப் போகாமல், ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேரக் கடிதம் எழுதட்டும். சின்னச் சின்னக் குழாய்களில் சொட்டுச் சொட்டாக அளந்து விடுவது, கடைசியில் தண்ணீர் மட்டும் விட்ட குழாயும் "உண்டு" என்று காட்டினால் எங்கோ கலந்துவிட்டதென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவது, அதுதான் இந்த வேலை. அது அவளுக்குச் சலித்துப்போனால் என்னிடம் வாருங்கள், வேறு வழி பேசுவோம். அப்போதும் ஆஸ்திரேலியா பற்றிப் பேச மாட்டேன்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், அடுத்த முறை வரும்போது தாத்தா காட்டுக் குச்சி நாலைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் நடலாமா என்று. கூடாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவிலிருந்து செடியோ குச்சியோ கொண்டுவர முடியாது. ஏன் என்று மகளையே கேளுங்கள்.