முகாமில் இரவு எத்தனை பேர் படுத்தார்கள்? பேரிடர்க்கால நலவாழ்வு ஆய்வுக்கு ஒரு வழிகாட்டல்

கேள்வி: கடலூர் மாவட்டக் கடலோரத்தில் பணியாற்றும் மருத்துவர் நான், சமூக மருத்துவத்தில் முதுநிலை பயில்கிறேன். பருவமழையில் ஊர் மூழ்கும்போது நிவாரண முகாம்களில் ஆய்வு செய்ய விரும்புகிறோம். சென்ற முறை நான்கு பக்க வினாத்தாளோடு போய், பாதி நிரம்பிய தாள்களோடு திரும்பினோம். மக்களுக்கும் எரிச்சல், எங்களுக்கும் பயனில்லை. என்னிடம் ஆறு பேரும் ஐந்து நாள்களும் இருக்கின்றன. நோய்களையும் இறப்புகளையும் அளக்க, 30 கொத்துகள் (அதாவது ஊர் அல்லது தெருத் தொகுப்புகள்), கொத்துக்கு 7 வீடுகள் என்ற முறை போதுமா? நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்:

வினாத்தாளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஐந்தாம் நாள் மாலை உங்கள் கையில் இருக்கப்போகும் எண்ணை யாரிடம் கொடுப்பீர்கள், அவர் அதைப் பார்த்து மறுநாள் எதை மாற்றுவார் என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். மாவட்ட சுகாதார அலுவலர் குளோரின் மாத்திரையை எந்த முகாமுக்கு முதலில் அனுப்புவது, தட்டம்மைத் தடுப்பூசியை எந்த வயது வரை போடுவது என்று முடிவெடுக்க உதவாத கேள்வி எதுவும் முதல் வாரத்தில் கேட்கத் தக்கதன்று. அந்த அளவுகோலை வைத்து வெட்டினால், நான்கு பக்கம் பெரும்பாலும் அரைப் பக்கமாகிவிடும்.

அதற்கடுத்து உங்களுக்குத் தேவைப்படுவது பகுதி எண். பள்ளிக்கூடப் பின்னக் கணக்கில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி; இங்கே நோயுற்றவர்கள் அல்லது இறந்தவர்கள் தொகுதி, மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது பகுதி. பேரிடர் ஆய்வுகளில் எல்லோரும் தொகுதியைத் துரத்துகிறார்கள், பகுதியில்தான் கோட்டை விடுகிறார்கள். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து ஐந்து லட்சம் முதல் எட்டு லட்சம் வரையிலான அகதிகள் சில நாள்களுக்குள் அன்றைய சயீரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின்) கோமா நகரைச் சுற்றிக் குவிந்தார்கள், காலரா பரவியது. எரிமலைப் பாறை நிலத்தில் குழி தோண்ட முடியாததால் சடலங்கள் சாலையோரத்தில் கிடத்தப்பட்டு, லாரிகளில் எடுத்துச் செல்லப்பட்டன; அதனாலேயே முதல் மாதத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர் என்ற எண் கிடைத்தது. அதை எட்டு லட்சத்தால் வகுத்தால் நூற்றுக்கு ஆறு பேர். ஐந்து லட்சத்தால் வகுத்தால் நூற்றுக்குப் பத்துப் பேர். சடலங்களை எண்ண முடிந்த இடத்தில், உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கை பிடிபடவில்லை.

உங்கள் முகாமிலும் இதுதான் நடக்கும். பதிவேட்டில் 600 பேர் என்றிருக்கும். அது முதல் நாள் வந்தவர்களின் கணக்கு, அல்லது குடும்ப அட்டைகளைக் கூட்டிய கணக்கு. உணவுப் பொட்டலங்களின் எண்ணிக்கையோ, முகாமுக்கு வராமல் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களையும் சேர்த்தே வரும். பகலில் போய் எண்ணினால் ஆண்கள் வீட்டுச் சேற்றை வழிக்கவும் படகையும் வலையையும் பார்க்கவும் போயிருப்பார்கள். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு, சாப்பாடு முடிந்து பாய் விரித்த பிறகு எண்ணுங்கள். முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடமாக இருக்கும் என்பதால் வகுப்பறைக்கு ஒருவராகப் போய், கரும்பலகையின் மூலையில் ஆண், பெண், ஐந்து வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று வரி எழுதிவிட்டு அடுத்த அறைக்கு நகரலாம். ஆறு பேர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவீர்கள். அப்படி எண்ணும்போது 380 பேர்தான் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரம் வயிற்றுப்போக்கு கண்டவர்கள் 19 பேர் என்றால், பதிவேட்டின்படி நூற்றுக்கு மூன்று; இரவுக் கணக்கின்படி நூற்றுக்கு ஐந்து. பக்கத்து முகாமோடு ஒப்பிட்டு எங்கே முதலில் போவது என்று முடிவெடுக்கும்போது இந்த வேறுபாடு சிறியதன்று. மக்கள் வந்துபோய்க்கொண்டிருப்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

பகுதி கிடைக்கவே கிடைக்காத இடத்தில், மருத்துவ முகாமுக்கு வந்த மொத்தப் பேரில் வயிற்றுப்போக்கோடு வந்தவர்கள் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதுண்டு. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் சளியும் காய்ச்சலும் குறைந்தாலே வயிற்றுப்போக்கின் விழுக்காடு ஏறிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். விழுக்காட்டின் அருகில் எண்ணிக்கையையும் எப்போதும் எழுதுங்கள்.

இனி 30 கொத்து, 7 வீடு. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி எத்தனை குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அளப்பதற்காகப் பரப்பிய முறை அது. 210 குழந்தைகளைப் பார்த்தால், பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் இப்படியோ அப்படியோ பிசகும் ஒரு விடை கிடைக்கும். தடுப்பூசி பலருக்கும் போடப்பட்டிருக்கும் ஒன்று என்பதால் அந்த விடை போதும். சாவு அரிதானது. 210 வீடுகளில் வீட்டுக்கு நால்வர் என்றால் 840 பேர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 6 பேர் இறக்கிறார்கள். அப்படியானால் ஒரு மாதத்தில் அந்த வீடுகளில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய சாவு அரைகூடத் தேறாது. வெள்ளத்தால் இறப்பு இரட்டித்திருந்தாலும் ஒன்று தேறாது. ஒரு சாவு கூடுதலாகக் கிடைத்ததா, தவறிப்போனதா என்பதைப் பொறுத்து உங்கள் ஆய்வேட்டின் முடிவே தலைகீழாகும். உங்கள் வழிகாட்டி வற்புறுத்தினால், இந்தக் கணக்கை அவர் மேசையில் போட்டுக் காட்டுங்கள்.

பெரிய மாதிரி எடுத்தாலும் இந்தத் தொல்லை முழுதாக விலகாது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அரசு சொன்ன சாவு 64. வீடுவீடாகப் போன ஓர் ஆய்வு 3,299 வீடுகளில் கேட்டு, கூடுதலாக இறந்தவர்கள் 4,645 பேர் என்று மதிப்பிட்டது. ஆனால் அதன் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை, 793 முதல் 8,498 வரை நீண்டது. செய்தித்தாள்கள் நடு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டன. இறப்புப் பதிவுகளை, சூறாவளி வராதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய எண்ணிக்கையோடு ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு 2,975 என்றது. அதையே பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது. உங்கள் மாவட்டத்துக்கும் இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் கருத்து. கிராம நிர்வாக அலுவலரின் இறப்புப் பதிவேட்டில் அதே வாரங்களுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் எண்ணிக்கை இருக்கும். பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு என்பதால், நீர் வடிந்து இரண்டு மாதமாவது கழித்துப் போய்ப் பாருங்கள். இந்த வேலைக்கு முகாமுக்குள் ஒரு கேள்விகூடத் தேவையில்லை.

பாடநூலில் நீங்கள் படித்திருக்கும் 'நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் ஒரு சாவு' என்ற எச்சரிக்கைக் கோட்டையும் இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்காதீர்கள். நம் மாநிலத்தின் வழக்கமான இறப்பு விகிதத்தை நாள் கணக்கில் மாற்றினால் பத்தாயிரத்துக்கு 0.16 வரும். அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் இறப்பு ஆறு மடங்காகியிருக்கும். வழக்கமான அளவைப்போல் இரு மடங்கு, அதாவது 0.33, தாண்டுகிறதா என்று பார்ப்பதே இங்கே பொருந்தும். நிவாரணப் பணிக்கான தரங்களைத் தொகுத்த ஸ்பியர் கையேடும் வழக்கமான அளவு தெரிந்த இடத்தில் இரு மடங்கையே நெருக்கடியின் அடையாளமாகக் கொள்கிறது.

முகாமில் கேட்டு இறப்பை அளப்பதில் இன்னொரு பள்ளமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் 13 முகாம்களின் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு, அக்குடும்பங்களைச் சேர்ந்தோரில் 12.9 விழுக்காட்டினர் இறந்ததாகவும், பெண்களும் குழந்தைகளும் முதியோரும் கூடுதலாக மாண்டதாகவும் கண்டது. நன்றாகச் செய்யப்பட்ட ஆய்வுதான். ஆனால் வந்து பதில் சொல்ல ஒருவர்கூட மிஞ்சாத வீடு இப்படிப்பட்ட கணக்கில் வரவே வராது, உறவினர் வீட்டுக்குப் போய்விட்டவர்களும் வரமாட்டார்கள். உங்கள் மாவட்டத்திலேயே அன்று பெண்கள் 391 பேரும் ஆண்கள் 146 பேரும் இறந்ததாக 2005இல் ஆக்ஸ்பாம் வெளியிட்ட குறிப்பு சொன்னது. படகு கரைக்கு வருவதை எதிர்பார்த்து மீன் எடுக்கக் காத்திருந்தவர்கள் பெண்கள். இப்படிச் சாவு ஒரு பக்கம் சாய்ந்து விழும் இடத்தில், பேரிடருக்கு முந்தைய ஊரின் பட்டியலிலிருந்து தொடங்குவதே முறை. குடும்ப அட்டைப் பட்டியல் ஒன்று. மீனவ ஊர் என்றால் பஞ்சாயத்தாரிடம் தலைக்கட்டு வரிக் கணக்கும் இருக்கும். அதில் தனித்து வாழும் கைம்பெண்களின் வீடுகள் விடுபட்டிருக்கக்கூடும் என்பதால், தெருவில் இருக்கும் வயதான பெண்கள் இருவரை அழைத்து வீடு வீடாக வாசித்துச் சரிபாருங்கள். எந்த நாளிலிருந்து கேட்கிறோம் என்பதை ஆங்கிலத் தேதியில் சொல்லாமல், மாசி மகத்துக்குப் பிறகு, தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன பிறகு என்று சொன்னால் நினைவு பிசகாது.

மாதிரி எடுக்கும்போது ஊர் நடுவில் நின்று பேனாவைச் சுழற்றி, அது காட்டும் திசையில் நடக்கும் பழைய வழக்கம் உங்கள் துறையிலும் இருக்கலாம். அது கோயிலையும் கடைத்தெருவையும் சுற்றியுள்ள வீடுகளையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கும். வாய்க்கால் கரையில், தண்ணீர் அதிகம் ஏறிய குடிசைகள் விடுபடும். பட்டியல் கையிலிருந்தால் குலுக்கல் போட்டு எடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். முகாமில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகள் நாற்பது பேர்தான் என்றால் மாதிரியே வேண்டாம். எல்லோருடைய இடது மேற்கையையும் நடுவில் நாடாவால் அளந்துவிடுங்கள், 115 மில்லிமீட்டருக்குக் கீழே வருபவரை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

மனநலம் பற்றிய வினாக்கள் முதல் வாரத்தில் வேண்டாம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளக்கோளாறு என்று சொல்ல அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அதற்கு முன் கேட்டால் இயல்பான துக்கத்துக்கு நோயின் பெயரைச் சூட்டுவீர்கள். சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டின் மீனவ ஊர் ஒன்றில் பெரியவர்கள் 314 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 12.7 விழுக்காட்டினருக்கு அந்தக் கோளாறு இருப்பதாகக் கண்டபோது, இரண்டு மாதங்கள் கடந்திருந்தன.

ஆறு பேரும் ஐந்து நாளும் கொண்ட குழுவுக்கு நான் பரிந்துரைப்பது வேறோர் ஆய்வு: சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெள்ளத்தால் எத்தனை நாள் மருந்து தடைபட்டது? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது போன்ற பேரிடர்களில் மாத்திரை அட்டை வீட்டோடு போய்விடுகிறது; அதை யாரும் கணக்கெடுப்பதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் பயனாளிகளின் பட்டியல் இருக்கிறது. அதாவது, பகுதி எண் உங்களுக்கு முன்கூட்டியே கையில் கிடைக்கிறது. அதிலிருந்து குலுக்கி எடுத்து, அவர் முகாமில் இருந்தாலும் உறவினர் வீட்டில் இருந்தாலும் தேடிப்போய், "கடைசியாக எப்போது போட்டீர்கள்? அட்டையைக் காட்டுங்கள்" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 'தினமும் போடுகிறேன்' என்று வாய் சொல்வதற்கும் அட்டையில் மீந்திருக்கும் மாத்திரைக்கும் இடையிலான வேறுபாட்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். விடையை வாங்கும் அலுவலர் மறுநாளே மருந்துப் பெட்டியை எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவெடுத்துவிடலாம்.

நெறிமுறைக் குழு பற்றி. கொள்ளைநோயைக் கட்டுப்படுத்தப் பொதுச் சுகாதாரத் துறை எடுக்கும் அன்றாடக் கணக்கு வேறு, ஆய்வேட்டுக்காக நீங்கள் எடுக்கும் தரவு வேறு. பின்னதற்கு அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. ஆனால் காத்திருப்பைக் குறைக்க வழி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின் 12ஆம் பிரிவு பேரிடர்க்கால ஆய்வுக்கென்றே எழுதப்பட்டது. அவசரக் கூட்டத்தையும் காணொளிக் கூட்டத்தையும் அது ஏற்கிறது, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்கவும் இடம் தருகிறது. ஊரின் பெயரும் தேதியும் மட்டும் வெற்றிடமாக விட்டு, மற்ற அனைத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒப்புதல் கேட்பவர் நிவாரணப் பொருள் வழங்குபவராக இருக்கக் கூடாது; வெள்ளை அங்கியும் வேண்டாம். "நீங்கள் பதில் சொல்லாவிட்டாலும் அரிசியும் மருந்தும் கிடைக்கும்" என்ற வாக்கியம் தாளின் முதல் வரியாக இருக்கட்டும். அதைச் சொன்ன பிறகும் மறுப்பவர்களின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள், அதுவும் உங்கள் பகுதி எண்ணின் ஒரு பங்குதான். பருவமழை அக்டோபர் நடுவில் வந்துவிடும் என்பதால், உங்கள் திட்டம் ஆகஸ்ட் மாதக் குழுக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.