புது மானிட்டர் மாட்டியதிலிருந்து கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. அவசரப்பட்டுப் புது ஸ்பீக்கர் வாங்கிவிடாதீர்கள். எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் சேர்த்தே கொண்டுபோகும். அதில் மானிட்டரை இணைத்ததும், விண்டோஸ் பல நேரம் ஒலியையும் அந்தப் பக்கமே திருப்பிவிடும். ஹெட்போன் துளை மட்டுமே உள்ள மானிட்டராக இருந்தாலும் இப்படி நடக்கும்.

விண்டோஸ் 11 என்றால், திரையின் கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸைத் திறங்கள். அவுட்புட் பகுதியில் மானிட்டரின் பெயர் தேர்வாகியிருந்தால், அதை விட்டுவிட்டு ஸ்பீக்கர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் பெரும்பாலும் ரியல்டெக் என்று போட்டிருக்கும். பலருக்கு இதிலேயே சத்தம் வந்துவிடும்.

வரவில்லையா? சிபியுவின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் மாட்டும்போது பெட்டியை இழுத்துத் திருப்பினால் ஒயர் நழுவுவது சகஜம். ஸ்பீக்கர் ஒயரின் முனை பச்சைத் துளையில்தான் போக வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. மூன்றும் ஒரே அளவு என்பதால் இருட்டில் தடவிச் செருகினால் மாறிவிடும். டார்ச் அடித்துப் பார்த்து, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஒலி டிரைவரை (ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் பொதுவாகத் தானே அதை மறுபடி போட்டுக்கொள்ளும்.