அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

வீரவநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 67 வயது, வாழை விவசாயி. நுரையீரலில் புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது, சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறார், ராத்திரி தூக்கம் இல்லை. வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் போதை மருந்து என்று அண்ணன் கொடுக்க விடவில்லை. "மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமா, இல்ல இப்படியே விட்டுடலாமா?" என்று கேட்கிறார். கடைசியில், ஏதோ ஞாபகம் வந்து சேர்த்தது போல ஒரு வரி இருக்கிறது: "இந்த உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போகணும்னு ஒரு நாள் சொன்னாங்க. அடுத்த வருசம் போலாம்ப்பான்னு சொன்னோம். அதுக்கப்புறம்தான் பேச்சே குறைஞ்சது."

அந்தக் கடைசி வரியில்தான் பாதி பதில் இருக்கிறது, அதற்கு வருகிறேன். முதலில் வலியைக் கவனிப்போம், ஏனென்றால் வலி அடங்காமல் எந்த மனநல டாக்டர் பேசினாலும் அது அப்பாவின் காதில் ஏறாது. ராத்திரி முழுக்க முதுகெலும்பு குடைகிற ஒரு மனிதர் காலையில் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் அதை மனநோய் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. வலி எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று டாக்டர்கள் கேட்கிற மாதிரி கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பிடிபடாது, நான் "ரூபாய்க்கு எத்தனை பைசா வலிக்குது?" என்று கேட்பேன், உடனே சொல்லிவிடுவார்கள். காலையிலும் படுக்கப் போகும் முன்பும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டர் அளவைக் கூட்டவோ குறைக்கவோ அந்த நோட்டுதான் வழிகாட்டும்.

அண்ணனின் பயம் எனக்குப் புரிகிறது, அவர் மேல் கோபப்படாதீர்கள். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில் மார்ஃபினை வாங்கி வைக்க ஆஸ்பத்திரிகளே தயங்கின, 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நோயாளிகளுக்குக் கொஞ்சம் வழி பிறந்தது. இத்தனை வருசம் ஊரே அந்தப் பெயரைக் கேட்டுப் பயந்திருக்கிறது, அண்ணன் மட்டும் எப்படிப் பயப்படாமல் இருப்பார்? ஆனால் உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபினைப் பரிந்துரைத்துவிட்டது. வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது மிகவும் அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்பதும் சரியில்லை, சரியான அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினால் அப்படி நடக்காது.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். அதனால் வலி வந்தபின் கொடுப்போம் என்று காத்திருக்காமல், டாக்டர் எழுதியபடி மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுராத்திரி எழுப்பாமல் இருக்கப் படுக்கும்போது கொஞ்சம் கூடுதல் அளவு எழுதுவதும் உண்டு, அதையும் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மயக்கமாகவும் குமட்டலாகவும் இருக்கும், பிறகு பெரும்பாலும் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதனால் மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, நான்கு நாள் வயிறு போகாமல் அவதிப்பட்டு, மார்ஃபினே ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கிப் போட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முதுகெலும்பு என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கால் மரத்துப்போனாலோ, நடக்கும்போது கால் மடங்கினாலோ, மூத்திரம் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குவதன் அடையாளம் அது. தாமதித்தால் கால் திரும்பக் கிடைக்காமலே போகலாம். அப்புறம், எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு வலி நன்றாகத் தணிகிறது. "வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டதால் இதெல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், போய்க் கேளுங்கள்.

சரி, மனசுக்கு வருவோம். வலி ஓரளவு அடங்கி ஒரு வாரம் ஆன பிறகும் அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்போது மனச்சோர்வைப் பற்றி யோசிக்கலாம். பசியின்மை, களைப்பு, தூக்கமின்மை மூன்றும் நோயினாலேயே வரும் என்பதால் அவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது. பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் முகம் மலரவில்லையா, வாழைக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கிறாரா இல்லையா, "நான் எல்லாருக்கும் பாரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாரா, இவற்றைப் பாருங்கள். அப்படி இருந்தால் மனநல டாக்டரிடம் தாராளமாகப் போகலாம், மருந்து இருக்கிறது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். "செத்துப்போயிட்டா நல்லது" என்று சொன்னால் "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா" என்று வாயை அடைக்காமல், அப்படி ஏதும் செய்துகொள்கிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. விவசாய வீடு என்பதால் இன்றைக்கே பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், மார்ஃபினையும் நீங்களே பூட்டி வைத்து எடுத்துக் கொடுங்கள். டெலிமானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம், அப்பாவுக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும்.

இப்போது அந்தக் கடைசி வரி. உங்கள் அப்பாவுக்குத் தன் நோய் தெரியும் என்றே நான் நினைக்கிறேன். பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இனி குணமாகாத நோய் என்று தெரியும். வேட்டி நிற்காத இடுப்பை அவர் தினமும் பார்க்கிறார், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து அஞ்சு நிமிசம் உட்கார்ந்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி போகிற சொந்தக்காரர்களையும் பார்க்கிறார். "இந்த உத்திரத்துக்குப் போகணும்" என்றாரே, "இந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குக் குலசாஸ்தா கோயிலுக்குப் போவதென்றால் எங்கெங்கோ பிழைக்கப் போன பங்காளிகளெல்லாம் ஒன்றுகூடுகிற நாள். எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வருசம் என்று நீங்கள் பாசத்தில் சொன்னது, இந்த வீட்டில் இதைப் பேச முடியாது என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் உங்களைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டார், நீங்கள் அவரைக் காப்பாற்ற மூடிக்கொண்டீர்கள்.

சேரன்மகாதேவி அருகே நான் போய்ப் பார்த்த ஓர் அம்மா, காலமெல்லாம் பீடி சுற்றியவர். படுக்கையில் கிடக்கும்போதும் வலதுகைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருக்கும். மகள்கள் காப்பி போடப் போன நேரத்தில் என் கையைப் பிடித்து, "எனக்கு அந்த நோவுதானே தாயி? இவளுவ சொல்ல மாட்டேங்காளுவ" என்றார். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். "அதான்னு தெரியும்" என்றார். நான் தலையசைத்தேன். அவர் அழவில்லை. அடகில் இருந்த ஒரு சோடிக் கம்மலை மீட்டு மூத்த பேத்திக்குக் கொடுக்க வேண்டும், சீட்டை அரிசிப்பானைக்குள் வைத்திருக்கிறேன், இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இரண்டு மாதமாகத் தவித்தேன் என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி மகள்களை உள்ளே கூப்பிட்டேன், அவரே சொன்னார். மூவரும் அழுதார்கள். அன்றைக்கு ராத்திரி அந்த அம்மா முழுசாகத் தூங்கினார் என்று மறுநாள் மகள் போனில் சொன்னார்.

அதனால் நீங்கள் போய் "உங்களுக்குப் புற்றுநோய்" என்று போட்டு உடைக்க வேண்டாம். வலி குறைந்த ஒரு நேரம் பார்த்து, டிவியை அணைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் கண் உயரத்துக்கு உட்காருங்கள். "அப்பா, உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும், நடுவில் பேசி நிரப்பாதீர்கள். அவர் கேட்டால் கேட்ட அளவுக்கு உண்மை சொல்லுங்கள், கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. "எவ்வளவு நாள்?" என்று கேட்டால் நாள் கணக்குச் சொல்லாதீர்கள், யாருக்கும் சரியாகத் தெரியாது. "நோயை முழுசா எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்கப்பா, ஆனா வலி இல்லாம பாத்துக்கலாம், நாங்க கூடவே இருப்போம்" என்றால் போதும், அதில் பொய் இல்லை.

இப்படி வலியையும் மனசையும் குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் பாலியேட்டிவ் கேர் என்கிறோம். நர்ஸாக இருந்து பிறகு டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் லண்டனில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் 1993-ல் ஆரம்பித்தது, அக்கம்பக்கத்து ஆட்களே பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போகிற இயக்கமாகக் கேரளா முழுக்கப் பரவிவிட்டது. நம்மிடம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சேவை என்ற பெயரில் வீட்டுக்கே வருகிறார்கள், செலவில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள், விவரம் தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104-ல் கேளுங்கள். மார்ஃபின் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, அனுமதி பெற்ற இடங்களில்தான் கிடைக்கும், தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். சாப்பாட்டுக்காக மல்லுக்கட்ட வேண்டாம், ரெண்டு வாய் கஞ்சி போதும் என்றால் போதும்தான். அம்மாவை ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரியாவது அடுத்த அறையில் தூங்க வையுங்கள், நீங்களும் அண்ணனும் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாஸ்தா கோயில். உத்திரம் வரை காத்திருக்க வேண்டாம், மருந்தில் வலி அடங்கியதும் வருகிற சனிக்கிழமையே போகலாமா என்று அவரிடம் கேளுங்கள். டாக்டரிடம் பேசி, கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு கூடுதல் மாத்திரை கொடுக்க அனுமதி வாங்குங்கள். வண்டியின் முன்சீட்டைச் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒன்று வையுங்கள், வேகத்தடை வரும் இடத்தில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். குடிதண்ணீர், மூத்திரம் பிடிக்க ஒரு பாத்திரம், மாற்று வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பங்காளிகளில் அவர் பார்க்க நினைக்கிறவர்கள் யார் என்று அவரையே கேட்டு, அந்த நான்கு பேருக்கு மட்டும் முதல் நாளே போன் போடுங்கள். கோயில் வாசல் வரை வண்டி போகாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அண்ணன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளலாம். போகிற வழியில் உங்கள் வாழைத்தோட்டம் இருந்தால் அங்கேயும் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்துங்கள்.