செயின் ஓர் இடத்தில் இறுக்கம், ஓர் இடத்தில் தொய்வு: சைக்கிள் கேள்வி-பதில்

கேள்வி: கல்லடியிலிருந்து பாலம் தாண்டித் தினமும் ரவுனுக்குச் சைக்கிளில் போகிறேன். கியர் இல்லாத சாதாரண சைக்கிள். பெடலைச் சுற்றும்போது செயின் ஓர் இடத்தில் விறைப்பாக நிற்கிறது, இன்னும் கொஞ்சம் சுற்றினால் தொங்குகிறது. பின் சில்லை இழுத்துப் பூட்டிப் பார்த்தேன், இரண்டு நாளில் கரகரவென்று சத்தம் வந்ததுதான் மிச்சம்.

பதில்: தம்பி, செயின் தொங்கி நின்ற இடத்தில் வைத்துச் சில்லை இழுத்திருக்கிறீர்கள். அதனால் இறுக்கமான இடம் இன்னும் இறுகிவிட்டது. அந்தக் கரகர சத்தம் பிரீவீலும் (பின் சில்லில் உள்ள பல்சக்கரம்) பெடல் அச்சின் போல்ஸும் (உள்ளே உருளும் குண்டுகள்) படுகிற பாடு. முதலில் சில்லைக் கொஞ்சம் முன்னுக்குத் தளர்த்திவிடுங்கள்.

அப்புறம் பின் சில்லைத் தரையில் முட்டாமல் தூக்கி நிறுத்துங்கள். சோக்கட்டியால் மூன்று அடையாளம் போட வேண்டும்: செயின்வீலின் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) ஒரு பல்லில், பின் ரயரில், செயினின் ஒரு கண்ணியில். பெடலை முன்னோக்கி மெதுவாகச் சுற்றி, இறுக்கம் வரும்போதெல்லாம் எந்த அடையாளம் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பெடல் அதே நிலையில் இருக்கும்போது இறுகினால் குறை முன்னால்: செயின்வீல் வட்டமாக இல்லை, அல்லது நடுவிலிருந்து விலகியிருக்கிறது, அல்லது பெடல் அச்சு வளைந்திருக்கிறது. ரயர் அடையாளத்தோடு சேர்ந்து இறுகினால் பிரீவீல். செயின் அடையாளத்தோடு சேர்ந்து வந்தால் செயினேதான். முன்னால் 44 பல்லும் செயினில் 112 கண்ணியும் இருந்தால், செயின் ஒரு முழுச் சுற்று வரப் பெடல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால் இரண்டு பெடல் சுற்றில் ஒரு தடவைகூட இறுகவில்லை என்று அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள், பத்துச் சுற்றாவது பாருங்கள்.

முன்னும் பின்னும் இரண்டுமே கொஞ்சம் கோணலாக இருப்பதும் உண்டு. இரண்டின் மேடும் ஒன்றாகச் சேரும்போது மட்டும் செயின் வில் நாண் மாதிரி நிற்கும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே வைத்துத்தான் சில்லைப் பூட்ட வேண்டும். அந்த இடத்திலும் கீழ்ச்செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடவேண்டும். மற்ற இடங்களில் அதைவிடத் தொங்கினால் தொங்கட்டும். செயின் கழன்று விழாதவரை கொஞ்சத் தொய்வு யாருக்கும் கெடுதல் செய்யாது. விறைப்புதான் போல்ஸைத் தின்கிறது.

இழுக்கும்போது கை பதமாக இருக்கட்டும். விறைத்து நிற்கிற செயினில், பின் அச்சு ஒரேயொரு மில்லிமீற்றர் முன்னுக்கு வந்தாலே நடுவில் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் தொய்வு வந்துவிடும். செயின்வீல் தலைமயிர் அளவு கோணினாலே தொய்வு இவ்வளவு மாறித் தெரிவதும் இதனால்தான்.

கேள்வி: குறை செயின்வீலில்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஐந்து போல்டில் பூட்டிய வீல். மாற்றத்தான் வேண்டுமா? (செங்கலடி, மாணவர்)

பதில்: வேண்டாம், போல்ட் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். செயின் மிக இறுகும் இடத்தில் கிட்டத்தட்ட விறைப்பாக நிற்கும்படி பின் சில்லைப் பூட்டுங்கள். ஐந்து போல்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, விரலால் திருகுகிற அளவுக்கு மட்டும் மறுபடி பூட்டுங்கள். பெடலை இறுக்கமான இடத்துக்குக் கொண்டுவந்து, விறைத்த செயினின் மேல் ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். வீல் துளியளவு நகரும். மறுபடி சுற்றி, புதிதாக இறுகும் இடத்தில் தட்டுங்கள். நாலைந்து தடவையில் சமனாகிவிடும். பிறகு போல்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கடைசியாகச் சில்லைப் பழையபடி அரை அங்குல ஆட்டத்துக்குத் தளர்த்த மறக்காதீர்கள்.

சுற்றும்போது விரலைச் செயினுக்கும் பல்லுக்கும் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. சின்னப்பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் முதலில் அவர்களை அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

கிராங்கோடு (பெடலைத் தாங்கும் கை) சேர்த்தே அடித்து வருகிற வீல் என்றால் இந்த வேலை நடக்காது. கோணல் சின்னதாக இருந்தால் முதல் பதிலில் சொன்னபடி பூட்டி ஓடலாம். செயின் கழன்று விழும் அளவுக்குப் போனால் கிராங்கோடு மாற்றுவதுதான் வழி.

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வயல். கரியரில் நெல் மூட்டை ஏற்றி மிதித்தால் செயின் தொய்கிறது, ரயர் இடப்பக்கக் குழாயில் உரசுகிறது. பின் அக்சில் வளைந்ததால் செயின் ஓரிடத்தில் மட்டும் இறுகும் என்கிறார் ஒருவர்.

பதில்: அண்ணன், அக்சில் வளைந்திருக்கலாம், ஆனால் அது காரணமல்ல. பின் அக்சில் சுழல்வதில்லை, அப்படியே நிற்கிறது. சுழலாத ஒன்று சுற்றுக்குச் சுற்று இறுக்கத்தை மாற்றாது. உங்கள் வண்டியில் நடப்பது வேறு. பாரத்தோடு அழுத்தி மிதிக்கும்போது செயின் இருக்கிற வலப்பக்கம் அச்சை முன்னுக்கு இழுத்துவிடுகிறது. அதனால்தான் ரயர் இடப்பக்கம் சாய்கிறது.

நட்டின் புரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சு உட்காரும் இடத்தில் ஒயிலும் சேறும் இருந்தால் துடைத்துவிட்டு, பல்லுள்ள வாசர் போட்டு முறுக்குங்கள். வலப்பக்கம் முதலில், பிறகு சில்லை நடுவுக்குக் கொண்டுவந்து இடப்பக்கம். செயினை இழுத்துப் பிடிக்கிற அட்ஜஸ்டர் ஒரு சோடி போட்டால் இந்தத் தொல்லை வராது. பாரம் ஏற்றுகிற எல்லா வண்டிக்கும் அதைப் போடச் சொல்வேன். வளைந்த அக்சிலையும் மாற்றிவிடுங்கள், ஒருநாள் பாதி வழியில் முறியும்.

கேள்வி: புதுச் செயின் போட்ட பிறகு முந்தியதைவிட மோசம். பல்லில் ஏறி ஏறிக் குதிக்கிறது. (அக்கரைப்பற்று)

பதில்: பழைய செயினை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் நீட்டி, கண்ணிகளை இணைக்கும் ஒரு முளையின் நடுவிலிருந்து அடிமட்டத்தை வையுங்கள். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். 12 அங்குலத்துக்கு மேல் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் அந்தச் செயின் பிரீவீலின் பற்களையும் தேய்த்துக் கொக்கியாக்கியிருக்கும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். பிரீவீலை மாற்றுங்கள், செயினைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு 'டக்'. செயின் இறுக்கம்தானா?

பதில்: பெரும்பாலும் இல்லை, தங்கச்சி. கிராங்கைப் பூட்டுகிற கொட்டர் பின் தேய்ந்திருக்கும். இரண்டு கிராங்கையும் பிடித்து எதிரெதிராக ஆட்டினால் தெரியும்.

கேள்வி: பாலமீன்மடுவில் கடலுக்குக் கிட்ட வீடு. தேங்காய் எண்ணெய் போட்டும் செயின் துருப்பிடித்து, சில கண்ணிகள் மடங்காமல் நிற்கின்றன.

பதில்: தேங்காய் எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கும். கழிவு எஞ்சின் ஒயிலும் வேண்டாம், அதில் கரியும் இரும்புத் தூளும் இருக்கும். கடற்காற்று படுகிற சைக்கிளின் செயினை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு துளி தையல் மெஷின் ஒயில் விட்டு, வெளியில் வழிவதைத் துடைத்துவிடுங்கள். மாரிகாலத்தில் வாரம் இரண்டு தடவை.

மடங்காத கண்ணியைக் கண்டுபிடிக்கப் பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, பிரீவீலைக் கவனியுங்கள். அங்கே செயின் வளைகிற இடத்தில் ஒரு கண்ணி மட்டும் துள்ளும். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, இரண்டு கையாலும் செயினைப் பக்கவாட்டில் மெதுவாக வளைத்து ஆட்டுங்கள். விட்டுக்கொடுத்ததும் ஒயில் போடுங்கள். கழுவுவதற்காகச் செயினைக் கழற்றினால், மறுபடி பூட்டும்போது செயினின் இரு முனையையும் இணைக்கிற கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது தட்டுப்பட்டு ஓட்டத்திலேயே கழன்றுவிடும்.