நைல் நதியில் ஃபெலுக்கா படகில் போனால் ஊர்மக்களோடு பழக முடியுமா?

தாராளமாக முடியும். பெரிய சொகுசுக் கப்பலில் கிடைக்காத நெருக்கம் இதில் கிடைக்கும். தெற்கு எகிப்தின் அஸ்வானில் ஏறுங்கள். அங்கிருந்து வடக்கே, பழைய கோயில் உள்ள கோம் ஒம்போ ஊர் சுமார் 45 கி.மீ.; ஓரிரு இரவுகள் படகிலேயே கழியும்.

ஃபெலுக்காவில் பொதுவாக இன்ஜின் கிடையாது, பெரிய முக்கோணப் பாய்தான். நைல் வடக்கே ஓடுகிறது; காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. அதனால் அஸ்வானிலிருந்து கிளம்பினால் ஆறு தள்ளும், காற்று மறிக்கும். படகோட்டி இக்கரைக்கும் அக்கரைக்குமாக வளைத்து வளைத்து ஓட்டுவார். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் படபடவென அடித்துக்கொண்டு மறுபக்கம் சாயும். பழைய எகிப்திய எழுத்திலேயே தெற்குப் பயணத்துக்குப் பாய் விரித்த படகும், வடக்குப் பயணத்துக்குப் பாய் இறக்கிய படகும்தான் குறி!

அஸ்வான் படகோட்டிகளில் பலர் நூபியர்கள். 1960களில் அஸ்வான் உயர் அணைக்காகச் சொந்த ஊர்களை நீருக்குக் கொடுத்த சமூகம் அது. படகில் தேநீர் கொதிக்கும்போது அவர்கள் தாத்தா பாட்டியின் ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பதில் மெதுவாக வரும், அவசரப்படுத்தாதீர்கள். என்னைக் கேட்டால் கோயில்களைவிட இந்தப் பேச்சுக்காகவே போகலாம்.

பல படகுகளில் கழிப்பறை இருக்காது, கரையில் ஒதுங்க வேண்டும். கட்டணம், சாப்பாடு, குடிநீர் மூன்றையும் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கரையில் யாரையும் படமெடுக்கும் முன் கேளுங்கள். அரபியில் ‘ஷுக்ரன்’ என்று நன்றி சொல்லுங்கள்.